எந்தச் செயற்கைக்கோளை நம்பி முடிவெடுப்பது?

சூரிய மின்நிலையம் போட இடம் தேடுகிறவருக்கும், ஒரு காட்டை வெட்டுக்காரர்களிடமிருந்து காப்பாற்ற நினைக்கிறவருக்கும் இன்று ஒரே குழப்பம்தான். தரவு கிடைக்கவில்லை என்ற கவலை போய்விட்டது. இத்தனை கிடைக்கிறதே, இதில் எதை எடுப்பது என்பதுதான் இப்போதைய கேள்வி. இலவசமாகக் கிடைக்கும் அமெரிக்காவின் லேண்ட்சாட், ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள் படங்கள் போதுமா? காசு கொடுத்து நுண்படங்கள் வாங்க வேண்டுமா? வானிலைச் செயற்கைக்கோள்களிலிருந்து கணக்கிட்ட வெயில் அளவை நம்பலாமா? இல்லை, இடத்திலேயே ஒரு கருவியை நட்டுவிட்டு ஒரு வருடம் காத்திருக்க வேண்டுமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வானத்திலிருந்து வரும் தரவில் பெரும்பாலான தேவைகளுக்கு இலவசமே போதும். கையில் இருக்கும் பணத்தைத் தரையில் செலவிடுங்கள். விலை கொடுத்து வாங்கும் படத்தைக் கடைசியாக, எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த பிறகு மட்டும் வாங்குங்கள். இந்த விதி பொருந்தாத இடங்களும் உண்டு. அவற்றையும் சொல்கிறேன்.

ஒரு புள்ளிக்குள் எவ்வளவு நிலம்

நுணுக்கமாகப் பார்க்க வேண்டும், அடிக்கடி பார்க்க வேண்டும், அகலமாகப் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே செயற்கைக்கோளில் ஒருசேர அமைவதில்லை. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும்.

சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். பதின்மூன்று எட்டு நடந்தால் ஒரு பக்கம் முடிந்துவிடும். கிளை பரப்பிய ஒரு பெரிய மரமே அதை நிரப்பிவிடும். லேண்ட்சாட்டில் புள்ளி 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் மிக நுண்ணிய புள்ளியே 250 மீட்டர். ஆறேகால் ஹெக்டேர் நிலம், அதில் மரம், பாறை, ஓடை என எது இருந்தாலும், ஒரே நிறமாகக் கலந்துதான் தெரியும்.

ஆனால் மோடிஸ் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் உலகம் முழுவதையும் பார்த்துவிடுகிறது. சென்டினல்-2இல் இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து 5 நாளுக்கு ஒரு முறை வருகின்றன. லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒரு முறை. விலைக்கு வருபவற்றில் பிளானட் நிறுவனத்தின் சிறு செயற்கைக்கோள்கள் சுமார் 3 மீட்டர் நுணுக்கத்தில் தினமும் படமெடுக்கின்றன. வேர்ல்ட்வியூ-3 சுமார் 31 சென்டிமீட்டர் வரை இறங்குகிறது, ஆனால் கேட்ட இடத்தை மட்டும், கேட்டபோது மட்டும்.

இலவசப் படங்களுக்கு இன்னொரு பலம் உண்டு. விலைப் படங்களால் அதை ஈடுகட்டவே முடியாது: பழைய நினைவு. முதல் லேண்ட்சாட் 1972இல் ஏவப்பட்டது. ஒரு ஏரி சுருங்கியதா, ஒரு மலைச்சரிவு எப்போது மொட்டையானது என்று கேட்டால், அரை நூற்றாண்டுப் படங்களைப் புரட்டிப் பார்க்கலாம். ஒரு காலத்தில் ஒரு படத்துக்கு 600 டாலர் வரை கேட்டார்கள். அப்போது உச்சத்திலேயே நாளுக்குச் சராசரியாக 53 படங்கள்தான் போயின. 2008இல் காப்பகம் முழுவதையும் இலவசமாகத் திறந்த பிறகு அது சுமார் 5,700 ஆனது. உலகின் காடுகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்த ஒரு முடிவுக்குப் பிறகு வந்ததுதான்.

வெயிலுக்கு எது

சூரிய மின்நிலையத்துக்கு மேலே சொன்ன படங்கள் எதுவும் முதல் தேவை அல்ல. 5 நாளுக்கு ஒரு முறை வரும் கண்ணுக்கு, நடுவில் வந்துபோன மேகம் தெரியாது. இங்கே வேண்டியது 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்துக்கு மேல் நின்றபடி பார்க்கும் வானிலைச் செயற்கைக்கோள்கள். ஹிமாவாரி, கோஸ் வரிசைகள் 10 நிமிடத்துக்கு ஒரு முறையும், மீட்டியோசாட் இரண்டாம் தலைமுறை 15 நிமிடத்துக்கு ஒரு முறையும் தம் பக்கத்து பூமியை முழுதாகப் படமெடுக்கின்றன. வெயில் கணக்கின் அடிப்படை எளிதானது: மேலிருந்து பார்க்க ஓர் இடம் வழக்கத்தைவிட வெளுப்பாகத் தெரிந்தால், அங்கே மேகம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, கீழே அந்த அளவு குறைவு. இதோடு காற்றில் உள்ள தூசு, நீராவி ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் மணிக்கு மணி வெயில் அளவு வந்துவிடும்.

இதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. உப்புப் படுகையும் பனி மூடிய நிலமும் இயல்பிலேயே வெளுப்பு; கணக்கு அவற்றை மேகம் என்று எண்ணி ஏமாறலாம். தூசி கிளம்பும் பகுதிகளில் நேர்க்கதிர், அதாவது சிதறாமல் சூரியனிலிருந்து நேராக வரும் வெயிலின் அளவு, நிறையவே தவறும். செங்குத்தான மலைப்பகுதியில், ஒரே புள்ளிக்குள் வெயிலும் நிழலும் கலந்துவிடும்.

சரி, பிழை எவ்வளவு? நன்றாகச் சரிபார்க்கப்பட்ட தரவுகளில், கிடைமட்டத் தளத்தில் விழும் மொத்தக் கதிரின் ஆண்டுக் கணக்கு பெரும்பாலான இடங்களில் 4 சதவீதத்துக்குள்ளும், கடினமான இடங்களில் 8 சதவீதம் வரையும் தவறலாம். நேர்க்கதிருக்கு ஏறக்குறைய இதைப்போல் இரண்டு மடங்கு. இடத்திலேயே நட்டு, ஒழுங்காகப் பராமரித்த பைரனோமீட்டர் என்ற வெயில் அளக்கும் கருவி 2, 3 சதவீதத்தில் நிற்கும்.

இந்த வித்தியாசம் பணமாக எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கடன் கொடுப்பவர்கள் சராசரி எதிர்பார்ப்பைப் பார்ப்பதில்லை. பத்தில் ஒன்பது வாய்ப்பு உறுதியாகக் கிடைக்கும் உற்பத்தி எவ்வளவு என்று கேட்பார்கள். தொழிலில் இதைப் பி-90 என்பார்கள். சராசரியிலிருந்து, நிச்சயமின்மையை 1.28ஆல் பெருக்கிக் கழித்தால் அது வரும். சராசரி ஆண்டு உற்பத்தி 100 ஜிகாவாட்-மணி என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சேர்த்து நிச்சயமின்மை 9 சதவீதம் என்றால் பி-90 அளவு 88.5. அதை 5 சதவீதமாகக் குறைத்தால் 93.6. பேனல் ஒன்றுகூடக் கூட்டாமல், ஆண்டுக்கு 5 ஜிகாவாட்-மணி கூடுதலாகக் கணக்கில் காட்டலாம். பெரிய நிலையத்தில் இந்த ஒரு வரியே தரைக்கருவியின் செலவை விழுங்கிவிடும். வீட்டுக் கூரைக்கும் சின்னக் கூட்டுறவு நிலையத்துக்கும் அது தேவையில்லை. உலக வங்கியின் உலக சூரிய வரைபடமோ நாசாவின் பவர் தரவோ போதும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நாசா பவர் கதிர்வீச்சை ஒரு பாகை சதுரத்துக்கு, அதாவது நடுக்கோட்டருகே சுமார் 110 கிலோமீட்டருக்கு ஒரே அளவாகத் தரும். கடற்கரைக்கும் மலையடிக்கும் ஒரே எண் வரும் இடத்தில் அதை நம்ப வேண்டாம்.

தரைக்கருவியை நட்டால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். பைரனோமீட்டரின் உச்சியில் கைக்குள் அடங்கும் ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கும். விடியலில் அதன்மேல் பனித்துளி கோத்திருக்கும். மதியத்துக்குள் தூசு படியும். உயரமான கம்பி என்று பறவை வந்து உட்காரும். இரண்டு வாரம் யாரும் துடைக்காவிட்டால் அந்த ஊரில் வெயிலே குறைந்துவிட்டதாகக் கருவி எழுதும். அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது செயற்கைக்கோள் தரவுதான்: மேகமே இல்லாத நாட்களில் இரண்டின் கோடும் ஒட்டியே போக வேண்டும், தரைக்கோடு மட்டும் நாளுக்கு நாள் கீழே சரிந்துகொண்டே போனால், யாராவது ஈரத்துணியோடு ஏற வேண்டும் என்று அர்த்தம். ஓராண்டுத் தரை அளவு செயற்கைக்கோளின் இருபது ஆண்டுத் தொடரைத் திருத்துகிறது. அந்தத் தொடர் தரைக்கருவியைக் கண்காணிக்கிறது.

காற்றுக்கு வேறு கணக்கு

காற்றில் என் பரிந்துரை அப்படியே நிற்காது. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகத்தை 10 சதவீதம் கூட்டி மதிப்பிட்டுவிட்டால், ஆற்றலை 33 சதவீதம் கூட்டி எண்ணியதாகிவிடும். அதோடு, காற்றாலையின் விசிறி நடுவம் இருக்கும் 100 மீட்டர் உயரத்துக் காற்றை நிலத்துக்கு மேல் எந்தச் செயற்கைக்கோளும் நேராக, தொடர்ந்து அளப்பதில்லை. லேசர் கொண்டு காற்றை அளந்த ஐரோப்பாவின் ஏயோலஸ் 2018 முதல் 2023 வரை நன்றாகவே உழைத்தது. ஆனால் அது வானிலைக் கணிப்புக்கானது, ஒரு மேட்டில் காற்றாலை வைக்கலாமா என்று சொல்லுமளவு நுணுக்கமானது அல்ல.

அதனால் நிலத்தில் மறுபகுப்பாய்வுத் தரவை, அதாவது பழைய அளவீடுகளையும் வானிலை மாதிரியையும் சேர்த்துக் கணக்கிட்ட வரலாற்றை, வைத்துப் பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலைக் கணிப்பு மையத்தின் இஆர்ஏ-5 தரவு 1940 முதல் மணிவாரியாகக் கிடைக்கிறது. ஆனால் அதன் கட்டம் சுமார் 31 கிலோமீட்டர். அதற்குள் ஒரு கணவாயும் ஒரு முகடும் காணாமல் போய்விடும். முதலீடு செய்யுமுன் காற்றளக்கும் கோபுரமோ, லேசரால் காற்றை அளக்கும் லைடார் கருவியோ கட்டாயம் வேண்டும்.

கடலில் நிலைமை வேறு. அங்கே கோபுரம் நடுவது பெரும் செலவு, செயற்கைக்கோளுக்கோ அலையின் சொரசொரப்பே காற்றின் அளவுகோல். மெட்டாப் செயற்கைக்கோள்களின் அஸ்காட் கருவி கடல் மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரத்துக் காற்றைத் தருகிறது. கரையை ஒட்டிய நீரில் நிலத்தின் எதிரொலி கலந்துவிடுவதால் அங்கே ரேடார் படங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீர்மின்சாரத்துக்கு நீர்த்தேக்க மட்டம் தேவை என்றால், 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் செயற்கைக்கோள் இப்போது கால் கிலோமீட்டர் அகல ஏரிகளையும் அளக்கிறது.

காட்டைக் காப்பதில் பிரேசில் சொல்வது

பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனம் இன்பே, 1988 முதல் அமேசான் காடழிப்பை ஆண்டுதோறும் லேண்ட்சாட் படங்களில் அளந்து வருகிறது. கணக்கு துல்லியம்; ஆனால் அது வருமுன் மரம் போய்விட்டிருக்கும். 2004இல் டெட்டர் என்ற எச்சரிக்கை முறையைத் தொடங்கினார்கள். அது மோடிஸின் மங்கலான படத்தை வைத்து, 25 ஹெக்டேருக்கு மேற்பட்ட வெட்டை மட்டும் சொன்னது. கண் மங்கல், ஆனால் வேகம். ஆய்வாளர் குழு காட்டுக்குள் போகும்போது இயந்திரங்கள் இன்னும் அங்கேயே இருந்தன. 2004இல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்த ஆண்டுக் காடழிப்பு 2012இல் 4,571 ஆகக் குறைந்தது. புதிய பாதுகாப்புப் பகுதிகளும், சட்டவிரோத நிலங்களுக்குக் கடன் மறுத்ததும், காடழித்த நிலத்துச் சோயாவை வாங்குவதில்லை என்ற வணிகர்களின் உடன்பாடும் அதில் பங்கெடுத்தன. இருந்தாலும் அபராதம் விதிக்க எங்கே போவது என்று சொன்னது அந்த மங்கலான கண்தான்.

தேர்வு செய்பவருக்கு இதில் இரண்டு பாடம் இருக்கிறது. நுணுக்கமா வேகமா என்று வந்தால், காவலுக்கு வேகத்தை எடுங்கள். கணக்குக்கு நுணுக்கத்தை எடுங்கள். இரண்டாவது, எதிராளியும் கற்றுக்கொள்வான். வெட்டுத் துண்டுகள் 25 ஹெக்டேருக்குக் கீழே சிறுத்துக்கொண்டே போயின. கண்காணிப்பும் நுண்ணிய படங்களுக்கு நகர வேண்டியிருந்தது. அப்புறம், இதே எச்சரிக்கைகள் தவறாமல் வந்துகொண்டிருந்த 2021இல் காடழிப்பு 13,038 சதுர கிலோமீட்டருக்கு ஏறியது. தரையில் அமலாக்கம் தளர்ந்திருந்தது. படம் வாங்க ஒதுக்கும் பணத்தைவிட, எச்சரிக்கை வந்த அன்றே கிளம்பிப் போக ஆளும் வண்டியும் அதிகாரமும் இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மேகம் பெரிய சிக்கல். மழைக்காடுகளில் மாதக்கணக்காக ஒளிப்படம் வெள்ளையாகவே வரும். அப்போது 3 மீட்டர் படத்துக்குக் காசு கொடுத்தாலும் மேகத்தைத்தான் நுணுக்கமாகப் பார்ப்பீர்கள். சென்டினல்-1 ரேடார் மேகத்தையும் இரவையும் தாண்டிப் பார்க்கும், அதுவும் இலவசம். இதை வைத்தே நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் வெப்பமண்டலக் காடுகளுக்கு 10 மீட்டர் நுணுக்கத்தில் எச்சரிக்கை தருகிறது; குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தளத்தில் லேண்ட்சாட் எச்சரிக்கையோடு சேர்த்தே அதைப் பார்க்கலாம். ரேடாரின் குறை, மழையில் நனைந்த இலையும் மண்ணும் வெட்டுப்பட்ட இடம்போல ஏமாற்றுவது, மலைச்சரிவின் பின்பக்கம் இருட்டாகிவிடுவது. இலைப்பரப்பின் அடிக்குள் பார்க்க நீண்ட அலைநீள ரேடார் வேண்டும். 2025 ஜூலையில் ஏவப்பட்ட நாசா-இஸ்ரோவின் நிசார் அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது.

ஒவ்வொரு மரமாகத் தேர்ந்தெடுத்து வெட்டுவதை இலவசப் படத்தில் பிடிப்பது கடினம். ஒரு பெருமரம் போன இடைவெளி ஒன்றிரண்டு புள்ளிகளில் லேசான நிறமாற்றமாக வரும். சுற்றியுள்ள கிளைகள் சீக்கிரமே அதை மூடிவிடும். வழக்கு மன்றத்தில் காட்ட சாட்சி வேண்டிய இடமும் இதுதான். விலைப் படத்துக்கு நான் தயங்காமல் பணம் கொடுக்கச் சொல்லும் இடம் இது. முழுக் காட்டுக்கும் அல்ல, எச்சரிக்கை வந்த அந்தச் சதுர கிலோமீட்டருக்கு.

வாயுக்கசிவு: இங்கே இரண்டும் வேண்டும்

மீத்தேன் நம் கண்ணுக்குத் தெரியாது. இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. 2017இல் ஏவப்பட்ட சென்டினல்-5பியின் ட்ரோபோமி கருவி தினமும் உலகைச் சுற்றிப் பார்த்து இலவசமாகத் தருகிறது. புள்ளி மட்டும் சில கிலோமீட்டர் அகலம்: எந்த எரிவாயு வயலில் கசிவு என்று சொல்லும், எந்தக் குழாய் என்று சொல்லாது. ஜிஎச்ஜிசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் சுமார் 25 மீட்டர் வரை இறங்கிக் குறிப்பிட்ட நிலையத்தையே காட்டும், ஆனால் விலைக்கு. 2019இல் மேற்கு துர்க்மெனிஸ்தானின் கோர்பெஜே எரிவாயு வயலில் பெரிய கசிவு வெளிப்பட்டது இந்தக் கூட்டணியால்தான். ஒரு சேற்று எரிமலையைத் தேடிப்போன ஜிஎச்ஜிசாட் கண்ணில் அது தற்செயலாகப் பட்டது. அது உண்மைதான் என்று ட்ரோபோமி உறுதி செய்தது.

இலவசத்தை நம்புவதில் உள்ள அபாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். சென்டினல்-1பி 2021 டிசம்பரில் பழுதானது. மாற்றாக 1சி ஏவப்பட 2024 டிசம்பர் ஆனது. நடுவில் மூன்று ஆண்டுகள் பல பகுதிகளுக்கு 6 நாளுக்கு வந்த படம் 12 நாளுக்கு மாறியது. மீத்தேனுக்கென்றே 2024இல் ஏவப்பட்ட மீத்தேன்சாட் அடுத்த ஆண்டே தொடர்பு இழந்தது. ஒரே செயற்கைக்கோளின் மேல் முழு கண்காணிப்பையும் கட்டாதீர்கள். ஒன்று போனால் மற்றது வரும்படி இரண்டு வழியாவது வைத்திருங்கள்.

தரையை விட்டுவிடக் கூடாது என்பதற்கு ஓசோன் துளையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1985இல் அதை உலகுக்குச் சொன்னவர்கள் அண்டார்க்டிகாவின் ஹேலி நிலையத்தில் தரைக்கருவியோடு ஆண்டுக்கணக்காக அளந்துவந்த ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின். அதே காலத்தில் நிம்பஸ்-7 செயற்கைக்கோளும் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஓசோனை அளக்கும் டாப்சன் அலகில் 180க்குக் கீழே வந்த எண்களைச் சந்தேகத்துக்குரியவை என்று அதன் மென்பொருள் ஒதுக்கிக் குறித்து வைத்திருந்தது. தரையிலிருந்து செய்தி வந்த பிறகு, அந்தத் துளை ஒரு கண்டத்தின் அளவு இருக்கிறது என்று காட்டியது அதே செயற்கைக்கோள்தான்.

நிலத் தேர்வு

பசுமை மின்சாரமும் சுற்றுச்சூழலும் நேருக்கு நேர் மோதுவது நிலத்தில். சூரிய மின்நிலையத்துக்கு இடம் தேடும்போது, வரைபடத்தில் "வெற்று நிலம்" என்று வந்த இடத்தைக் கைகாட்டிவிடுவார்கள். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் வேர்ல்ட்கவர் வரைபடம் 10 மீட்டரில் இலவசமாகக் கிடைக்கிறது, அருமையான உழைப்பு. அதன் 2021 பதிப்பின் மொத்தத் துல்லியம் 76.7 சதவீதம். நான்கில் ஒரு இடம் தவறலாம் என்பதை மனதில் வைத்துத்தான் அதைத் திறக்க வேண்டும். தவறு அதிகம் நடப்பது புல்வெளி, புதர், வெற்று நிலம் இவற்றுக்கு இடையில்தான். மேய்ச்சல் நிலமும், தரையில் கூடு கட்டும் பறவைகளும் இருப்பது அங்கேதான்.

இதற்கு நுண்படம் வாங்குவது வீண். 30 சென்டிமீட்டரில் பார்த்தாலும் கோடையில் காய்ந்த புல் வெறும் மண்போலத்தான் தெரியும். உதவுவது காலம்தான். சென்டினல்-2இன் ஐந்தாறு ஆண்டுப் படங்களை அதே இடத்துக்கு வரிசையாக அடுக்கி, பசுமைக் குறியீட்டை, அதாவது செடிகொடியின் பசுமையைச் சொல்லும் எண்ணை, மாதவாரியாக வரைந்து பாருங்கள். உண்மையான பாறைநிலம் ஆண்டு முழுக்கத் தட்டையான கோடாக ஓடும். புல்வெளி மழைக்குப் பின் சட்டென்று எழும்பி, சில வாரம் நின்று, மெல்ல இறங்கும். அந்த ஒரு மேடு வரைபடத்தில் தெரிந்தால் அந்த இடம் வெற்று நிலம் இல்லை. பிறகு நேரில் போய்ப் பாருங்கள், ஆனால் கோடையில் போகாதீர்கள். மேட்டின் உச்சி எந்த வாரத்தில் வருகிறதென்று கோடே காட்டிக்கொடுக்கும். அந்த வாரத்தில், அந்த நிலத்தில் ஆடு மாடு மேய்ப்பவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு போங்கள்.